வாங்கியவருக்கே பூட்டு

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய கணினி விளையாட்டை இத்தனை முறைதான் நிறுவலாம் என்று கட்டுப்படுத்துவது எந்த விதத்தில் நியாயம்? திருட்டுப் பிரதி வைத்திருப்பவர் நிம்மதியாக விளையாடுகிறாரே!

பதில்: வெளியான முதல் சில வாரங்களிலேயே பெரும்பகுதி விற்பனை நடந்துவிடுவதால், நகலெடுப்பதைக் கண்டு நிறுவனங்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு, ஆனால் அந்த அச்சத்தின் சுமையை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதில் இல்லை. 2008 செப்டம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘ஸ்போர்’ விளையாட்டில் இருந்த செக்யூரோம் என்ற நகல் தடுப்பு மென்பொருள், மூன்று கணினிகளுக்கு மேல் அனுமதிக்கவில்லை. அதற்குமேல் வேண்டுமென்றால் வாடிக்கையாளர் சேவையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். பூட்டு உடைக்கப்பட்ட பிரதியோ, விளையாட்டு கடைக்கு வருவதற்கு முன்பே இணையத்தில் உலவியது! அமேசானில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துக் கொட்டித் தீர்த்தார்கள், அதன் பிறகே வரம்பு ஐந்தாக உயர்த்தப்படும் என்று நிறுவனம் அறிவித்தது; கலிபோர்னியாவில் வழக்கும் தொடரப்பட்டது.

காலப்போக்கில் நேர்வது இதைவிட மோசம். பழைய விளையாட்டுக் குறுந்தகடுகளில் இருந்த சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு மென்பொருள், விண்டோஸின் அடியாழத்தில் இயங்கும் ஓர் இயக்கி மென்பொருளை நம்பியிருந்தது. அதைப் பாதுகாப்புக் குறையாகக் கருதிய மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 10-இல் ஆதரவை நீக்கியதோடு, 2015 செப்டம்பர் புதுப்பிப்பின் மூலம் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் முடக்கிவிட்டது. முறைப்படி வாங்கிய தகடு கையில் இருந்தும் விளையாட்டு திறக்க மறுக்கும்.

ஜிஓஜி போன்ற இணையதளங்கள் விளையாட்டுகளை இத்தகைய பூட்டே இல்லாமல் விற்கின்றன. நிறுவல் கோப்பைத் தரவிறக்கி உங்கள் வன்தட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். மற்ற இடங்களில் வாங்கும்போது, விவரப் பக்கத்தில் செயல்படுத்தல் வரம்பு (எத்தனை முறை நிறுவலாம் என்ற கட்டுப்பாடு) பற்றிய குறிப்பு உள்ளதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.