செம்பனைத் தோட்ட வேலைக்கு லேசிக் ஒத்துவருமா?

“சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை. வியர்வையில் கண்ணாடி நிற்பதில்லை. லேசிக் செய்யலாமா, வலிக்குமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்ணாடி இல்லாமல் பார்க்க, லேசரால் பார்வைக் குறையைச் சரிசெய்யும் சிகிச்சைதான் லேசிக். நான் ஈப்போவில் செய்துகொண்டேன். சொட்டு மருந்திலேயே கண் மரத்துவிடும், வலி தெரியாது. கண்ணை அழுத்திப் பிடிக்கும்போது பார்வை இருண்டதும், முடி கருகுவது போன்ற வாடையும்தான் கொஞ்சம் பயமுறுத்தின. உண்மையில் எதுவும் கருகுவதில்லை. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா லேசர் கதிர், கருவிழிப்படலத் (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம்) திசுவைச் சூடாக்காமல் நுணுக்கமாகச் சீவி எடுக்கிறது. அன்று மாலை எரிச்சல், கண்ணீர். மறுநாள் சுவர்க் கடிகாரம் பளிச்சென்று தெரிந்தது!

ஆனால் உங்கள் வேலையை யோசியுங்கள். லேசிக்கில் கருவிழிப்படலத்தில் மெல்லிய மடல் வெட்டித் திறந்து, சீவிய பிறகு மூடுவார்கள். மட்டை வேகமாக வந்து கண்ணில் அடித்தால் அந்த மடல் வருடங்கள் கழித்துக்கூட விலகலாம். எனவே மடலே வெட்டாத பிஆர்கே (PRK) என்ற லேசர் முறையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதில் முதல் சில நாள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும். மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளர்) லீவு பற்றி முன்பே பேசிவிடுங்கள். எந்த முறையானாலும் குலை வெட்டும்போது பாதுகாப்புக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும், அதிலிருந்து தப்ப முடியாது.

எனக்குக் கண் வறட்சி மாதக்கணக்கில் இருந்தது. இரவில் லாரி விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது, அப்புறம் குறைந்தது.

பவர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தாலோ, கருவிழிப்படலம் மெலிந்திருந்தாலோ நல்ல டாக்டர் மறுத்துவிடுவார். வயது நாற்பதைத் தாண்டிய பிறகு, படிக்க எப்படியும் கண்ணாடி தேவைப்படலாம்.