கேளுங்கள் சொல்கிறோம்: 391-இல் ஒரு பீக்

கேள்வி: முட்டுக்காடு உப்பங்கழியில் எடுத்த நீலப்பச்சைப் பாசியை பிளாஸ்டிக் குழாயில் மெத்தனால் ஊற்றி ஊறவைத்தோம். எல்சி-எம்எஸ்ஸில் (கலவையைப் பிரித்து மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) 391 என்ற நிறை எண்ணில் பெரிய பீக் (கூர்முனை) வருகிறது. புதிய சேர்மமாக இருக்குமா?
- எம்.எஸ்சி. மாணவி, திருவான்மியூர்

பதில்: முதலில் தசமத்தைப் பாருங்கள். 391.284, கூடவே சோடியத்தோடு 413.266, உடைத்தால் 149.02 என்று வந்தால் அது பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட். உங்கள் குழாயிலிருந்தே கரைந்து வந்திருக்கலாம். பாசி போடாமல் அதே மெத்தனாலை அதே குழாயில் அதே நேரம் வைத்து ஓட்டுங்கள். அங்கேயும் எழுந்தால் விஷயம் முடிந்தது. 44.026 இடைவெளியில் பீக்குகள் வரிசைகட்டினால் பாலிஎத்திலீன் கிளைக்கால். 871.57 என்றால் பச்சையம் சிதைந்த ஃபியோஃபைட்டின்.

அடுத்த முறை கண்ணாடிப் பாத்திரம். பாசியை நுண்ணோக்கியில் பார்த்து, வேற்று இழைகளைக் கிடுக்கியால் நீக்குங்கள். கையுறை அவசியம், லிங்பியா என்ற நீலப்பச்சைப் பாசி வகை தோலில் கொப்புளம் எழுப்பிவிடும். ஒரு சிட்டிகையை எந்த இனம் என்று காட்டும் 16எஸ் மரபணுச் சோதனைக்கும், இன்னொன்றை ஏஎஸ்என்-III என்ற உப்புநீர் ஊடகத்தில் வளர்க்கவும் ஒதுக்குங்கள். வளர்ப்பில் வெளிச்சம் மட்டாக இருக்கட்டும். கூடினால் இழை வெளுத்துவிடும். மரபணுச் சோதனை, வளர்ப்பு இரண்டையும் விட்டுவிட்டால், நல்ல சேர்மம் கிடைத்தாலும் எந்த உயிர் தந்தது என்று சொல்ல முடியாது, மீண்டும் எடுக்கவும் வழியிராது.

மீதியை டைகுளோரோமீத்தேன், மெத்தனால் 2:1 கலவையில் நான்கைந்து முறை பிழிந்து, 40 டிகிரிக்கு மேல் போகாமல் ஆவியாக்குங்கள் (புகைக்கூண்டுக்குள்தான்). பிறகு சிலிக்கா நிரலில் (சிலிக்காத் தூள் நிரப்பிய குழாய்) ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால் என்று கரைப்பானை மாற்றிப் படிப்படியாகப் பிரித்தெடுங்கள். பெப்டைடுகள் (அமினோ அமிலச் சங்கிலிகள்) பெரும்பாலும் எத்தில் அசிட்டேட்டிலும், அதனோடு கொஞ்சம் மெத்தனால் சேர்த்த பகுதியிலும் இறங்கும். கொழுப்பும் நிறமிகளும் முந்திக்கொண்டு வந்துவிடும். அதில் நேரத்தை விரயமாக்க வேண்டாம்.

அந்தப் பகுதிகளின் எம்எஸ்/எம்எஸ் தரவை (மூலக்கூறை உடைத்து அளந்தது) ஜிஎன்பிஎஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் ஏற்றினால், ஏற்கெனவே அறிந்த சேர்மங்கள் பெயரோடு சிக்கும். சிக்காதவற்றில் 2 நிறை அலகு தள்ளி 3:1 உயரத்தில் ஐசோடோப் இரட்டை (ஒரே தனிமத்தின் இரு எடைகளால் வரும் ஜோடி பீக்) தெரிகிறதா பாருங்கள். அது குளோரின், கடல் சயனோபாக்டீரியா (நீலப்பச்சைப் பாசிதான்) அடிக்கடி செய்யும் வேலை, நல்ல தடயம். ஆனால் புதிது என்று சொல்ல, மூலக்கூறின் கட்டமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனை வேண்டும். அதற்கு ஓரிரு மில்லிகிராம் தூய பொருள் தேவை என்பதால்தான் வளர்ப்பை வலியுறுத்துகிறோம்.

கேள்வி: புற்றுநோய் மருந்துக்கு வழிகாட்டிய டோலாஸ்டாடின் 10 என்ற சேர்மம் கடல் முயலில் (ஓடில்லாத நத்தை போன்ற கடலுயிர்) கிடைத்ததா, சயனோபாக்டீரியாவிலா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: 1987-இல் கட்டமைப்பு வெளியானது கடல் முயலிலிருந்து. 2001-இல் பலாவ் தீவுகளின் சிம்ப்ளோகா என்ற சயனோபாக்டீரியாவிலேயே அது கிடைத்தது. முயல் மேய்ந்து சேர்த்த சரக்கு. டோலாஸ்டாடினின் செயற்கை வழித்தோன்றலான எம்எம்ஏஇ-யைச் சுமக்கும் பிரென்டக்சிமாப் வெடோடின் என்ற மருந்து 2011-இல் அமெரிக்காவில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.