அடும்புக் கொடிக்குள் ஓடும் அரணை

கேள்வி: சென்னையை அடுத்த கோவளம் கடற்கரையில் அடும்புக் கொடிக்குள் சின்னதாக ஓர் அரணை ஓடியது. பழுப்பு உடம்பு, முதுகில் வெளிர்க்கோடு. தோட்டத்து அரணை மாதிரி இல்லை. இது என்ன வகை? ‘அரணை நக்கினால் மரணம்’ என்று மாமியார் பயப்படுகிறார்.
- ஒரு வாசகி, கேளம்பாக்கம்

பதில்: மாமியாரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்: அரணைக்கு விஷமே கிடையாது. நக்கினாலும் கடித்தாலும் யாரும் சாக மாட்டார்கள். பயத்தில் அடித்துப் போடுகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பிப்ரான் அரணை. பிரெஞ்சு விலங்கியலாளர் காப்ரியேல் பிப்ரானின் பெயரை வைத்து ஆங்கிலேய விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரே விவரித்த இனம். நம் கிழக்குக் கடற்கரையிலும் இலங்கைக் கரையோரத்திலும் இருக்கிறது. வெட்டவெளி மணலில் தேடினால் கிடைக்காது. அலை எட்டாத மணல்மேட்டில் அடும்பும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருக்கும் இடம்தான் அதன் வீடு. பகலில் பூச்சி தேடும், ஆள் அரவம் கேட்டால் கொடிக்கடியில் புகுந்துவிடும்.

தோட்டத்து அரணை தடித்தது, வாலோடு ஒரு சாணுக்கு மேலேயே வளரும். இதுவோ ஒல்லி, வாலை விட்டுவிட்டால் உடம்பு சுண்டுவிரல் அளவுதான். முதுகுக் கோட்டின் இருபுறமும் கருப்பு ஓரம் இருக்கும். விலாவில் அடர்பழுப்புப் பட்டை ஓடும். சந்தேகம் தீர வேண்டுமானால் கண்ணைப் பாருங்கள். தோட்டத்து அரணையின் கீழிமை முழுக்கச் செதில். பிப்ரான் அரணையின் கீழிமை நடுவில் ஒளி ஊடுருவும் வட்டம் ஒன்று உண்டு. இமையை மூடினாலும் வெளிச்சம் தெரியும். மணல் பறக்கும் இடத்தில் வாழ்கிற உயிருக்கு எவ்வளவு வசதி! அடுத்த முறை செல்பேசியில் தலையைப் பக்கவாட்டில் நெருக்கமாகப் படமெடுங்கள், ஆனால் கையால் பிடிக்க வேண்டாம். பிடித்தால் வாலைக் கழற்றிவிடும். திரும்ப முளைக்கும் என்றாலும் அதற்குச் செலவாவது அதன் சேமிப்புக் கொழுப்பு.

அப்புறம் ஒன்று. கடற்கரையை ‘சுத்தம்’ செய்கிறேன் என்று அடும்பைக் குப்பையோடு சேர்த்து வாரிவிடுகிறார்கள். பிளாஸ்டிக்கைத் தாராளமாக எடுக்கட்டும். கொடி போனால் மணல்மேடு காற்றில் கரையும், இந்த அரணைக்கு ஒதுங்க இடமிருக்காது. உங்கள் பகுதியில் கடற்கரைத் துப்புரவுக்குப் போகிறவர்கள் இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.