கல்லைப் படித்தால் வேலை கிடைக்குமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடிக்கப்போகும் மகள் புவியியல்தான் படிப்பேன் என்கிறாள், கல்லையும் மண்ணையும் படித்து என்ன செய்வாள் என்று கேட்டீர்கள். கல்லூரி விண்ணப்பம் வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குக் கூட்டிப் போங்கள். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அதே ஊரில்தான் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது, திறந்தவெளி அருங்காட்சியகம் மாதிரி.

அங்கே கிடக்கும் மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுப் பழசு. மணலில் புதைந்து, நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா என்ற கனிமம் மெல்ல மெல்ல மரத்தின் இடத்தைப் பிடித்ததால் கல்லாயின. ஆண்டு வளையம்கூட அழியவில்லை. ஆனால் வேரும் இல்லை, கிளையும் இல்லை. ஏன் என்று நீங்கள் சொல்லித்தராதீர்கள், அவளாகக் கேட்கிறாளா பாருங்கள். 'இது இங்கே வளர்ந்த மரமே இல்லை, வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்தது' என்று அவளே யோசித்துச் சொன்னால், எந்த மதிப்பெண்ணையும்விட எனக்கு அது பெரிது.

இந்த மரங்களைப் பொதிந்து வைத்திருக்கும் பாறைக்குப் பெயரே 'கடலூர் மணற்கல்'. நம் வட்டாரத்தின் முக்கியமான நிலத்தடி நீர் அதில்தான் இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே நீர் பெரும் அழுத்தத்தில் நிற்கிறது. அதை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தைத் தோண்ட முடியும். எங்கே, எவ்வளவு இறைப்பது என்று கணக்கிடுவது நிலவியல் படித்தவர்களின் வேலை. ஆமாம், நிலவியல். நீங்கள் புவியியல் என்று சொன்னாலும், கல்லையும் மண்ணையும் பற்றியது நிலவியல்தான். விண்ணப்பத்தில் 'ஜியாகிரபி' என்று நிரப்பிவிடாதீர்கள், இங்கே 'ஜியாலஜி' என்றுதான் இருக்க வேண்டும்.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பி.எஸ்சி. மட்டும் போதாது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி விஞ்ஞானி தேர்வை எழுத முதுகலை வேண்டும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் காலாப்பட்டு புதுவைப் பல்கலைக்கழகத்திலும் புவி அறிவியல் துறைகள் உள்ளன, வீட்டுக்குப் பக்கம்தான். வெயிலில் சுத்தியலோடு நாள்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பெண் பிள்ளை என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. என்னிடம் ஆலோசனைக்கு வந்து களப்பணிக்குப் போன பெண்கள் இருக்கிறார்கள், அவர்களோடு அவளைப் பேச வைக்கிறேன்.

காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் செம்மண் தரை கொதிக்கும். ஒரு துண்டுக் கல்லையும் எடுத்து வரக் கூடாது. ஒரு நோட்டு மட்டும் கொடுத்தனுப்புங்கள். அவள் அதில் என்ன எழுதினாள் என்று திங்கட்கிழமை எனக்குப் போன் செய்யுங்கள்.