ஹெல்மெட் போட்டும் காது ஏன் மந்தமாகிறது?

கேள்வி: என் கணவர் ஹெலிகாப்டரில் பொறியாளராகப் பறக்கிறார். விடுப்பில் வந்திருக்கும் இந்த நாள்களில், மகள் பேசினால் மறுபடி மறுபடி "என்ன?" என்று கேட்கிறார். இரவில் காதுக்குள் ரீங்காரமாம். மலை ஏறி வந்ததால் அப்படி என்கிறார். ஹெல்மெட் போட்டுத்தானே பறக்கிறார்? – வாசகி, ஏற்காடு

பதில்: மலைப்பாதையில் காது அடைப்பது காற்றழுத்த மாற்றத்தால். எச்சில் விழுங்கினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அதைச் சேர்ந்தவை அல்ல. சத்தத்தால் வரும் பாதிப்பைப் போலவே இருக்கின்றன. சேலத்து விசைத்தறிக் கூடங்களில் பல்லாண்டு வேலை செய்தவர்களும் இதே குறைகளோடுதான் வருவார்கள். முதலில் மங்குவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகள். அதனால் குரல் காதில் விழும். 'பசி'யா 'பதி'யா என்பது பிடிபடாது. குழந்தைகளின் மெல்லிய குரலில் இது இன்னும் கடினம்.

பல ஹெலிகாப்டர்களுக்குள் சத்தம் ஏறத்தாழ 95 முதல் 105 டெசிபல் வரை இருக்கும். வெறுங்காதுக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு. ஹெல்மெட் கியர்பாக்ஸின் கீச்சொலியை நன்றாகத் தடுக்கிறது. மேலே சுழலும் விசிறியின் தாழ்ந்த அதிர்வொலியை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. அந்த அதிர்வொலி ரேடியோப் பேச்சை மூடிவிடும். உடனே கை ஒலியளவைக் கூட்டுகிறது. என் கவலையெல்லாம் இதில்தான்: கூட்டிய சத்தம் ஹெல்மெட்டுக்கு உள்ளேயே பிறப்பதால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. கண்ணாடி அணிபவர் என்றால், அதன் காம்பு காதுமூடியைத் தூக்கிப் பிடித்து இடைவெளி உண்டாக்கும். அதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

ஹெல்மெட்டுக்குள் நுரைக் காதடைப்பானும் வைத்துக்கொள்ளலாமா என்று பணியிட மருத்துவரிடம் கேட்கட்டும். பேச்சு கேட்காமல் போகும் என்று பலரும் தயங்குகிறார்கள். பேரிரைச்சலில் சத்தமும் பேச்சும் சேர்ந்தே குறைவதால், காது திணறாமல் சொற்களைப் பிரித்தறிய முடியும். காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உருட்டிய அடைப்பானை உள்ளே செலுத்தி, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். தாழ்ந்த இரைச்சலை அதற்கு நேர்மாறான ஒலியலையால் தணிக்கும் ஹெட்செட்டுகளும் உண்டு.

செவித்திறன் சோதனைக்கு இந்த விடுப்பே ஏற்ற நேரம். குறைந்தது 14 மணி நேரமாவது இரைச்சலிலிருந்து விலகியிருந்தால்தான் உண்மையான அளவு தெரியும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். பணியில் எடுத்த பழைய சோதனை அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். ஒலியை உணரும் உட்காதின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஒரு காது மட்டும் திடீரென மந்தமானால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பறக்கும் தகுதி போய்விடுமோ என்று அவர் இதை மறைக்க நினைக்கலாம். பைலட் சொன்ன உயரத்தையோ திசையையோ தவறாகக் கேட்டால் ஆபத்து அவருக்கு மட்டும் அல்ல. ஐயம் வந்தால் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்ளட்டும். பணியிட மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லட்டும்.