அரசு விதி போட்டால் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் கூடுமா, குறையுமா?

இரண்டும் நடக்கும். பிரீமியம் என்பது காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் நாம் கட்டும் தொகை. அந்த நிறுவனம் யாருக்கு, எதற்கு, எப்போதிலிருந்து பணம் தரவேண்டும் என்று விதி வகுப்பது ஐஆர்டிஏஐ என்ற ஒழுங்குமுறை ஆணையம்.

மதுரைப் பக்கம் சாமி கும்பிடுக்கு வசூலிக்கும் தலைக்கட்டு வரியை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவை வீடுகளுக்குப் பங்கு போட்டால் வருவதுதான் வரி. "திருவிழா அன்றைக்கு வந்து வரி கட்டினாலும் பங்கு உண்டு" என்று ஊர்க்கூட்டம் முடிவெடுத்தால், பலர் கடைசி நாள்வரை கட்ட மாட்டார்கள். முன்பே கட்டியவர்கள் தலையில் பாரம் ஏறும். இதைத் தடுக்கத்தான் காப்பீட்டில் காத்திருப்புக் காலம்: பாலிசி எடுத்து இத்தனை மாதம் கடந்தால்தான் அந்த நோய்க்குப் பணம் கிடைக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அது அதிகபட்சம் 48 மாதமாக இருந்தது. 2024-இல் ஆணையம் 36 ஆகக் குறைத்தது. நோயாளிக்கு நல்லது, எனக்கும் சரியென்றே படுகிறது. ஆனால் கிளெய்ம், அதாவது நிறுவனத்திடம் சிகிச்சைப் பணம் கேட்பது, கூடும். அது எல்லார் பிரீமியத்திலும் விழும்.

மறுபக்கம், மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் போனது. (அலுவலக குரூப் பாலிசிக்கு இந்தச் சலுகை இல்லை.)

அரசே விலையை நிர்ணயிக்கிறது என்று பலர் நினைப்பது தவறு: தொகையைக் கணக்கிடுவது நிறுவனம்தான், அதனால் கோரிப்பாளையத்தில் ஒரே வயதுள்ள பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் வெவ்வேறு பிரீமியம் கட்டுவதில் முறைகேடு எதுவும் இல்லை.