கரட்டில் ஏற்றும் முன்: சொந்தமாகக் கட்டிய பாறை வண்டியின் முதல் ஓட்டம் – கேள்வி பதில்

கப்பலூர் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய மாருதி ஜிப்சி ஒன்றின் இன்ஜின், கியர் பாக்ஸ், முன்பின் ஹவுசிங் (சக்கர அச்சும் அதன் பல்சக்கரங்களும் இருக்கும் கூடு) எல்லாவற்றையும் எடுத்து, பைப்பில் சட்டம் கட்டி, பாறை ஏறுவதற்கென்றே ஒரு ராக் பகி செய்திருக்கிறோம். அதை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த செய்தி பரவியதும் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று பல பக்கமிருந்தும் கேள்விகள் வந்தன. கேட்டவர்களில் சிலர் தாங்களே வண்டி கட்டிக்கொண்டிருப்பவர்கள். அவர்களை மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

மேலூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, வண்டி வேலை முடியப்போகிறது. வீட்டுக்குப் பின்னாலேயே கரடு இருக்கிறது. முதல் நாளே ஏற்றிப் பார்த்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. முதல் ஓட்டத்தில் எது தளர்கிறது, எது உரசுகிறது, எது சுடுகிறது, எது ஒழுகுகிறது என்று தெரிந்தால் போதும். இந்த நான்கும் சமதரையிலேயே தெரிந்துவிடும்.

ஓட்டம் பட்டறைக்குள்ளேயே தொடங்குகிறது. முன்னும் பின்னும் உறுதியான ஸ்டாண்டு கொடுத்து நான்கு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்குங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டு, ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியை ஹவுசிங்குக்குக் கொண்டுபோகும் தண்டு) ஆடாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது, பக்கவாட்டில் நின்றே பார்க்கலாம். அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கி வைத்து ஒரு பக்கச் சக்கரத்தை முழுக்க மேலே ஏற்றுங்கள், மறுபக்கத்தை முழுக்கத் தொங்கவிடுங்கள். அந்த நிலையில் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டயர் பைப்பில் இடிக்கிறதா, ஷாஃப்ட்டின் நழுவும் பகுதி கழன்று வரும் அளவுக்கு நீள்கிறதா என்பதெல்லாம் இங்கே தெரிந்துவிடும். எங்கள் வண்டியில் முன் பிரேக் ஹோஸ் டயரைத் தொட்டது இப்படித்தான் தெரிந்தது. சக்கரம் நேராக இருக்கும்போது நன்றாகவே தள்ளியிருந்த ஹோஸ் அது. திருப்பி, மேலே ஏற்றிய பிறகுதான் தொட்டது. கிளிப்பை இடம் மாற்றினோம்.

பிறகு எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்காக வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

இதெல்லாம் ஆன பிறகு சமதரை. நடக்கும் வேகம், பிரேக். மீண்டும் நடக்கும் வேகம், பிரேக். பெடல் மெத்தென்று உள்ளே போனால் அங்கேயே நிறுத்தி, பிரேக் குழாயில் தங்கிய காற்றை மறுபடி வெளியேற்றுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டியதும் இறங்கி, நான்கு சக்கரத்தின் ஹப்புக்கும் (நடுக் குடத்துக்கும்) அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் இறுக்கமாக இருக்கிறது. பெயிண்ட் கோடுகளைப் பாருங்கள். அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து, சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம், பிறகு சிறு சரிவு, பிறகு ஒரு சக்கரத்துக்கு மட்டும் முழங்கால் உயரக் கல். கரடு அங்கேயேதான் இருக்கும் தம்பி, இன்னொரு நாள் ஏறலாம்.

உசிலம்பட்டியிலிருந்து: ஓட்டிப் பார்க்க இடம் எங்கே கிடைக்கும்? மதுரையைச் சுற்றித்தான் எத்தனை மலை!

மலை நிறைய இருக்கிறது, ஆனால் நமக்கு இல்லை. யானைமலை, சமணமலை, கீழவளவு போன்ற இடங்களில் சமணர் படுக்கைகளும் பழங்கால எழுத்துகளும் இருக்கின்றன. 2,000 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய தமிழிப் (தமிழ் பிராமி எழுத்து) பொறிப்புகள் கொண்ட பாறை மேல் டயர் ஏறுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அரிட்டாபட்டியை 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது, தமிழ்நாட்டில் முதலாவது அதுதான். அழகர்மலையும் சிறுமலையும் காப்புக் காடு.

கைவிடப்பட்ட கிரானைட் குவாரிப் பக்கமும் போக வேண்டாம். ஓரம் செங்குத்து, கீழே ஆழம் தெரியாத தண்ணீர். காய்ந்த கண்மாய் பார்க்க மைதானமாகத் தெரியும், ஆனால் மேலே ஓடு காய்ந்து அடியில் சேறு இருக்கும். ஒரு டன் வண்டி உள்ளே இறங்கினால் எடுப்பது பெரும்பாடு.

மிஞ்சுவது பட்டா நிலம். கல் கிடக்கும் புன்செய்க்காரர் ஒருவரிடம் நேரில் போய், வண்டியைக் காட்டி, சம்மதம் கேளுங்கள். கரிசலைவிடச் செம்மண் நல்லது. கரிசல் மழை பட்டால் டயரில் அப்பிக்கொள்ளும், பல் இல்லாத டயராகிவிடும்.

திருமங்கலத்திலிருந்து: ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்ய முடியுமா? நிலம் வரை ஓட்டிக்கொண்டு போகலாமா?

இரண்டும் முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி பதிவில்லாத வண்டி பொது இடத்தில் ஓடக் கூடாது. 52ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஜிப்சியை நிரந்தரமாகப் பிரித்துவிட்டால், 55ஆம் பிரிவுப்படி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். பழைய நம்பர் பிளேட்டை புதுப் பைப் சட்டத்தில் மாட்டி ஓட்டும் யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள்.

லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். குட்டியானை தாங்காது, அதன் சுமை அளவு முக்கால் டன் பக்கம்தான். டாடா 407 லாரி சரியாக இருக்கும். நான்கு மூலையிலும் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.

வில்லாபுரம் வெல்டர் ஒருவர்: எந்த பைப் போட்டீர்கள்? ஜி.ஐ. பைப்பில் கட்டினால் ஆகாதா?

ஆகவே ஆகாது. கடையில் கிடைக்கும் ஐ.எஸ். 1239 பைப் தண்ணீர் ஓடுவதற்கு. அதன் துத்தநாகப் பூச்சை வெல்டிங் சூட்டில் எரித்தால் வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டும் சுத்தமாக உட்காராது. நாங்கள் போட்டது வெளிவிட்டம் 44 மி.மீ., கனம் 3 மி.மீ. உள்ள சீம்லெஸ் பைப். வளைக்கும்போது நெளியாமல் இருக்க ஹைட்ராலிக் பெண்டர் வேண்டும். பிளம்பர் பெண்டரில் வளைத்தால் உட்புறம் மடியும், கவிழும்போது முதலில் உடைவது அந்த மடிப்புதான்.

பெயிண்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதல் ஓட்டத்துக்கு முன் பவுடர் கோட்டிங் வேண்டாம். வெளிர் சாம்பல் பிரைமர் மட்டும் அடியுங்கள். வெல்ட் விட்டால் அதில் மயிரிழைக் கோடாகத் தெரியும், சில நாளில் துருவும் கசியும். தடித்த பூச்சு அதை மறைத்துவிடும்.

வாடிப்பட்டியிலிருந்து: ஜிப்சி இன்ஜின் பாறைக்குப் போதுமா? டீசல் போட்டிருக்கலாமே?

2000க்குப் பிந்தைய எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும்) இன்ஜின் 1298 சி.சி., 80 குதிரைத்திறன். லேசான வண்டிக்கு அது தாராளம். கார்புரேட்டர் போல சரிவில் பெட்ரோல் வழிந்து அணைந்துபோகாது என்பது பெரிய லாபம்.

பாறைக்கு இன்ஜின் பலத்தைவிடக் கியர் விகிதம் முக்கியம். முதல் கியர், டிரான்ஸ்பர் கேஸின் (இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) லோ, ஹவுசிங் விகிதம் மூன்றையும் பெருக்குங்கள். ஜிப்சியில் ஏறத்தாழ 3.6, 2.3, 3.9. பெருக்கினால் 32 வருகிறது. இன்ஜின் 800 சுற்றில் ஓடும்போது சக்கரம் நிமிடத்துக்கு 25 சுற்று. 33 அங்குல டயர் என்றால் மணிக்கு 4 கி.மீ. அளவுக்கு ஓடும். மனிதன் நடக்கும் வேகம் அது, பாறைக்கு அதுவே அதிகம். வேகம் கூடுதலாக இருப்பதால் கிளட்சைப் பாதி மிதித்தே ஓட்டத் தோன்றும், கிளட்ச் கருகும். லோ விகிதத்தை 4.16 ஆக்கும் பல்சக்கரத் தொகுதி சுசுகி டிரான்ஸ்பர் கேஸுக்கு வெளிநாட்டில் கிடைக்கிறது. அதைப் போட்டால் வேகம் 2 கி.மீ. அளவுக்கு இறங்கும். காசு சேர்ந்தால் முதலில் வாங்க வேண்டியது அதுதான், பெரிய இன்ஜின் இல்லை.

பொறியியல் கல்லூரி மாணவி: அண்ணா, நாங்கள் பாஜா (மாணவர் கரடுமுரடுப் பாதைப் போட்டி) வண்டி கட்டுகிறோம். முதல் ஓட்டத்தில் ஸ்டியரிங்கில் என்ன பார்க்க வேண்டும்?

கையை விட்டால் தானாக நேருக்கு வருகிறதா என்று பாரும்மா. வராவிட்டால் காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைவு. முன் சக்கரங்களின் முன்பக்க இடைவெளி பின்பக்க இடைவெளியைவிட 2, 3 மி.மீ. குறைவாக இருக்கட்டும். மேடுபள்ளத்தில் கை அசையாமலே வண்டி பக்கவாட்டில் இழுத்தால், ஸ்டியரிங் ராடும் சஸ்பென்ஷன் கையும் வேறு வேறு வட்டத்தில் அசைகின்றன என்று அர்த்தம். அதை அலைன்மென்ட்டால் சரிசெய்ய முடியாது, ராட் மாட்டியிருக்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

பவர் ஸ்டியரிங் இல்லையென்றால் கட்டைவிரலை வளையத்துக்குள் விடாமல் வெளியே வைத்துப் பிடியுங்கள். சக்கரம் கல்லில் மோதி ஸ்டியரிங் சட்டென்று சுழன்றால் விரல் முறியும்.

அனுப்பானடியிலிருந்து ஒரு தாய்: என் மகனும் இதுபோல வண்டி கட்டுகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் எதை வலியுறுத்த வேண்டும்?

நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது அம்மா. மகனிடம் இவற்றைக் கேளுங்கள். சீட்டு தகரத் தரையில் இல்லாமல் பைப் சட்டத்திலேயே போல்ட் போட்டிருக்கிறதா? தோள், இடுப்பு இரண்டையும் பிடிக்கும் பெல்ட் இருக்கிறதா? தோள் பட்டை தோள் உயரத்திலிருந்து வருகிறதா? ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் தலைக்கும் மேல் பைப்புக்கும் நடுவே இடம் இருக்கிறதா? பக்கவாட்டில் வலை வேண்டும். வண்டி சாயும்போது எவருக்கும் கை தானாகவே வெளியே போகும், தரையை ஊன்றப் பார்க்கும். அப்படித்தான் காயம் வருகிறது. உட்கார்ந்தபடியே எட்டும் தூரத்தில் பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சும் தீயணைப்பானும் இருக்க வேண்டும். இத்தனையும் இருந்தால்தான் சாவி என்று சொல்லுங்கள். அவன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மாட்டுத்தாவணியிலிருந்து: சித்திரை வெயிலில் ஓட்டலாமா?

காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடியுங்கள். மெதுவாக ஏறும் வண்டிக்கு எதிர்காற்று கிடையாது, ரேடியேட்டர் முழுக்க முழுக்க ஃபேனை நம்பித்தான் இருக்கிறது. புதிதாகக் குழாய் போட்ட கூலன்ட் சுற்றில் காற்று தங்கியிருக்கும். ஆறிய பிறகு மறுபடி மட்டம் பார்த்து நிரப்புங்கள். எங்கள் வண்டியிலும் முதல் ஓட்டத்துக்குப் பின் மட்டம் இறங்கியிருந்தது.

சரிவில் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் அந்த நொடியே இன்ஜினை அணையுங்கள். ஆயில் சம்பின் (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்புக்கு எட்டாமல் போயிருக்கிறது.

மேலூர் தம்பி மறுபடியும்: ஏறும்போது பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது அண்ணே?

முதலில் கிளட்சை மிதிக்காதே. கால் தன்னால் அதைத் தேடும், அங்கேதான் கவனம் வேண்டும். மிதித்தால் வண்டி கட்டில்லாமல் பின்னால் ஓடும். பிரேக்கை அழுத்திப் பிடி, கியரிலேயே நிற்கட்டும். பிறகு பிரேக்கை விடாமலே கிளட்சை மிதித்து லோ ரிவர்ஸுக்கு மாற்றி, கிளட்சை முழுக்க விட்டு, இன்ஜின் இழுப்பிலேயே வந்த தடத்தில் நேராக இறங்கு. சரிவில் வண்டியைக் குறுக்கே திருப்பினால் உருண்டுவிடும்.

வழிகாட்ட ஒரே ஆள் நிற்கட்டும், அவர் சொல்வதை மட்டும் கேள். அவர் வண்டிக்குக் கீழ்ப்புறமோ, வண்டிக்கும் பாறைக்கும் நடுவிலோ நிற்கக் கூடாது. மேலூர்ப் பாறை காய்ந்திருந்தால் நல்ல பிடிப்பு. ஆனால் வெயிலில் ஏடு ஏடாக உரியும் இடம் உண்டு, சுத்தியலால் தட்டினால் பொள்ளென்று கேட்கும். அங்கே சக்கரம் வைக்காதே. டயரில் காற்று 15 பவுண்டு போதும். ரிம்மில் டயரைப் பிடித்து இறுக்கும் வளையம் இல்லாமல் அதற்கும் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

அலங்காநல்லூரிலிருந்து: மாட்டிக்கொண்டால் டிராக்டரில் சங்கிலி போட்டு இழுக்கலாமா?

டிராக்டர் நல்லது, சங்கிலி வேண்டாம். அறுந்தால் உயிரையே எடுக்கும். தகுந்த பட்டை போட்டு, சட்டத்தில் வெல்ட் செய்த கொக்கியில் மாட்டி, மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். பட்டையின் மேல் ஒரு ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, எல்லோரும் பட்டையின் நீளத்தைவிடத் தள்ளி நிற்க வேண்டும்.

பேரையூரிலிருந்து: வண்டி பாறைக்குத் தயார் என்று எப்போது முடிவு செய்வீர்கள்?

சமதரையிலும் சிறு சரிவிலும் ஓட்டி முடித்து, பெயிண்ட் கோடு எதுவும் விலகாமல், ஒழுகல் இல்லாமல் வந்த பிறகு, இரண்டு ஹவுசிங்கிலும் டிரான்ஸ்பர் கேஸிலும் ஆயிலை இறக்கிப் பார்ப்போம். முதல் ஆயிலை வெள்ளைத் தட்டில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஆயில் இறக்கும் துளையை மூடும் காந்தப் பிளக்கில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை, பல்லும் பல்லும் பழகும்போது வருவது அது. நகத்தில் எடுக்கும் அளவுக்குச் சில்லு இருந்தால் பாறையை மறந்துவிட்டு ஹவுசிங்கைத் திறந்துவிடுங்கள்.